கழித்தது போக எட்டு நாள்

கீழ்பென்னாத்தூரில் பஸ் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். டிரைவர் இறங்கி முன்பக்கம் போய்ப் பார்த்தார். கண்டக்டர் பின்பக்கம் போய்ப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் ஒரு புளியமரத்தடியில் சந்தித்து, ஆளுக்கொரு பீடி பற்றவைத்தார்கள். குறைந்தது ஒரு மணி நேரம் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் பாதிப் பேர் பௌர்ணமிக்கு மலை சுற்றப் போகிறவர்கள். அவர்களுக்கு ஒரே பரபரப்பு. எனக்கு அதெல்லாம் இல்லை. சாலையோரம் ஒரு அம்மா கூடையில் வேகவைத்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தாள். வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். நான் வேலை பார்க்கும் நைஜீரியாவிலும் கடலை மூட்டை மூட்டையாக விளைகிறது, ஆனால் அங்கே நான் இருக்கும் ஊர்ச் சந்தையில் வறுத்ததுதான் கிடைக்கும். ஆறு வருஷம் கழித்து உப்புப் போட்டு வெந்த கடலையைக் கண்டதும் சபலம் தட்டியது. மடியில் கொட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றேன்.

எதிர் சீட்டில் இருந்த அம்மாள் தன் வீட்டுக்காரரிடம் தெலுங்கில் சொன்னாள்: "நாம் இங்கே தவிக்கிறோம், இந்த ஆளைப் பார், மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போகிற மாதிரி உட்கார்ந்து தின்கிறான்." எனக்குத் தெலுங்கு புரியும். சாவு வீட்டுக்குப் போகிறேன் அம்மா என்று சொல்லி அவள் முகத்தைப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விட்டுவிட்டேன்.

நான் போய்க்கொண்டிருந்தது என் தங்கை மல்லிகாவின் காரியத்துக்கு. திருவண்ணாமலையில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் அவள் இயற்பியல் டீச்சர். நானும் அதே பாடம்தான், கடலுக்கு அந்தப் பக்கம். அவள் இறந்து அன்றோடு பதினைந்து நாள் ஆகிறது, மறுநாள் பதினாறாம் நாள் காரியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் தாமதமானால் என்ன கெட்டுப்போகிறது?

அப்படி நினைத்ததற்குக் காரணமான தந்தியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால், "மல்லிகா உடல்நிலை கவலைக்கிடம். உடனே புறப்படவும். ஏழுமலை." ஏழுமலை அவள் புருஷன், தாலுகா ஆபீஸில் கிளார்க். தந்தி கொடுத்து இரண்டு நாள் கழித்து என் கைக்கு வந்தது.

நம் ஜனங்கள் தந்தியில் சாவை எழுதமாட்டார்கள். வெளியூரில் இருப்பவன் வந்து சேர்வதற்குள் நெஞ்சு வெடித்துவிடக் கூடாதே என்ற கரிசனம். ஆளைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்துவிட்டுத்தான் "கவலைக்கிடம்" என்று கொடுப்பார்கள். வாங்குகிறவனுக்கும் அது தெரியும். என் அப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான். இரண்டு தடவையும் நான் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, வாசலில் பிரித்துக்கொண்டிருந்த பந்தலைத்தான் பார்த்தேன்.

எங்கள் பள்ளி ஹெட்மாஸ்டர் ஒரு ஹாஜியார், வயதானவர். தந்தியை வாங்கி இரண்டு முறை படித்தார். "நோய் என்றுதானே இதில் எழுதியிருக்கிறது? இன்றே புறப்படு. விமானத்தில் இடம் நான் கேட்கிறேன்" என்றார். கேட்டார், இடமும் கிடைத்தது. நான்தான் அவருக்குப் பாடம் எடுத்தேன். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது ஐயா, இதற்கு இறந்துவிட்டாள் என்று பொருள், ஓடிப்போனாலும் முகம் பார்க்க முடியாது, பையன்களுக்குப் பரீட்சை நெருங்குகிறது, பதினாறாம் நாளுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றேன். அவர் என்னையும் தந்தியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உன் இஷ்டம்" என்றார்.

வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாட்டம் அழுதேன். மறுநாளிலிருந்து எட்டு நாள் வகுப்பெடுத்தேன். ஊரோடு பேச வேண்டுமானால் லாகோஸ் போய் டிரங்கால் போட வேண்டும், அதுவும் தாலுகா ஆபீஸுக்கு. இறந்தவளைப் பற்றி யாரிடம் என்ன கேட்பது என்று அதையும் செய்யவில்லை.

பஸ் ஒருவழியாகக் கிளம்பி, விளக்கு வைக்கிற நேரத்தில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தது. ஆட்டோவுக்குக் கூட்டம் அடித்துக்கொண்டது. நான் ஒரு ஜட்காவில் ஏறினேன். வண்டிக்காரர் ஒரு பாய். குதிரையோடு உருதுவில் பேசினார், என்னோடு தமிழில். "துபாய்ங்களா சார்?" என்றார். நைஜீரியா என்றேன். "அங்க வெயிலு ஜாஸ்திங்களா, இங்க ஜாஸ்திங்களா?" நம் ஊரில் வெளிநாட்டிலிருந்து வருகிறவனிடம் கேட்க இது ஒன்றுதான் கேள்வி. அங்கே வெயிலைவிடப் புழுதி ஜாஸ்தி என்றேன்.

தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வாசலில் பந்தல் புதிதாக இருந்தது. அதில் வேய்ந்திருந்த பச்சை ஓலை வாடக்கூட இல்லை. ஏழுமலை ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஒருநாள் முழுக்க வெச்சிருந்தோம் மச்சான். அண்ணன் வரட்டும், அண்ணன் வரட்டும்னு. அதுக்கு மேல தாங்காதுன்னுட்டாங்க. முந்தாநாள் சாயந்தரம்தான் எடுத்தோம்."

"முந்தாநாளா?" என்றேன்.

"மஞ்சக்காமாலை முத்திப்போச்சு. ஆஸ்பத்திரில சேத்த அன்னிக்கே உங்களுக்குத் தந்தி குடுத்தேன், பன்னண்டு நாள் இருந்தா. கடைசி வரைக்கும் நல்ல நெனவு."

நான் நடைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வாத்தியார் புத்தி, அந்த நேரத்திலும் மண்டை கூட்டிக் கழித்தது. தந்தி கையில் கிடைத்த அன்றே கிளம்பியிருந்தால், பிரயாணம் நாலு நாள், ஏழாம் நாள் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவளோடு ஐந்து நாள் இருந்திருப்பேன்.

ஏழுமலை ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். "டிக்கெட் கெடைக்கலியா மச்சான்?" என்று கேட்டார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. எனக்காக அவரே காரணம் எடுத்துக் கொடுக்கிறார்.

"ஆமா" என்றேன்.

திருவண்ணாமலைக்குப் போய்வந்து எழுதுகிறவன் கோயிலைப் பற்றி எழுதாமல் இருந்தால் யாரும் ஒப்பமாட்டார்கள். ஆனால் எனக்குத் தீட்டு, உள்ளே போகக் கூடாது. மறுநாள் காலை கிழக்குக் கோபுரத்தைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. கோபுரத்துக்குப் பின்னால் மலை இருந்தது. இந்த ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் மலை இருக்கிறது. எனக்கு அன்று அதன் மேல் ஒரு பக்தியும் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

துக்க வீட்டில் தாளிக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த குழம்பில் கடுகு இல்லை, கறிவேப்பிலை இல்லை. மூன்று வேளை அதைச் சாப்பிட்டேன். நாலாம் வேளை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு ஓட்டலில் இட்லியும் மல்லாட்டைச் சட்னியும் வாங்கித் தின்றேன். தங்கை செத்த வீட்டிலிருந்து நழுவி வந்து சட்னியைத் தொட்டு நக்குகிறோமே என்று இருந்தது. இரண்டு இட்லி இன்னும் கேட்டேன்.

ஓட்டலுக்கு எதிரே கொஞ்ச தூரத்தில்தான் அவள் இருந்த ஆஸ்பத்திரி. உள்ளே போக எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் வந்த மூன்றாம் நாள் மல்லிகாவின் மேஜையில் இருந்த பள்ளிச் சாமான்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஒரு ஸ்டாப் வாட்ச், இரண்டு புத்தகம், லேப் சாவி. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் சாவியை வாங்கிக்கொண்டு கையிலேயே வைத்துப் புரட்டினார்.

"எப்படிக் கேக்கிறதுன்னு தெரியல சார். பன்னண்டாம் வகுப்புப் பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்துதுங்க. எங்க அண்ணன் வருது, நடத்தாம விட்ட பாடத்த அது நடத்தும்னு மல்லிகா சொல்லி வெச்சிருக்கு. பிள்ளைங்க தெனமும் வந்து கேக்குதுங்க."

"என்ன பாடம்?"

"சார்பியல். அத வேற யாரும் தொட மாட்டேங்கிறாங்க. பரீட்சைக்கு அத விட்டுட்டுப் படிங்கன்னு சொல்லிட்டாப் போச்சுன்றாங்க."

நான் கோபக்காரன். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனை வாத்தியார்கள் அந்தப் பாடத்தை இப்படி விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறார்கள். மல்லிகா விடமாட்டாள். அதை எப்படிப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றுவது என்று எனக்கு எழுதிய கடிதங்களைக் கட்டினால் ஒரு தலையணை செய்யலாம். நாளைக்கே எடுக்கிறேன் என்றேன். துக்கம் கேட்க வந்தவர்கள் வீட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள். "தீட்டுக்குக் கோயிலுக்குத்தான் போகக் கூடாது, பள்ளிக்கூடத்துக்குப் போகலாம்" என்று ஏழுமலைதான் எனக்காகப் பேசினார்.

முப்பத்தைந்து பெண்கள். அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள், உட்காரச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நின்றார்கள். நைஜீரியாவில் என் பையன்கள் கேள்வி கேட்டு உயிரை எடுப்பார்கள். இங்கே கூப்பிட்டாலே குனிந்துகொள்கிறார்கள். முதல் பத்து நிமிஷம் சுவரோடு பேசினேன்.

குறிப்பாயம் என்பது பாடத்தின் முதல் வார்த்தை. எங்கே நின்றுகொண்டு பார்க்கிறோம், எதை அசையாதது என்று வைத்துக்கொண்டு அளக்கிறோம் என்பதுதான் அது. புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு விளக்கம் இருந்தது, எனக்கே தூக்கம் வந்தது. புத்தகத்தை மூடிவிட்டு, "சூரியன் எங்கே மறையும்?" என்று கேட்டேன்.

"மலைக்குப் பின்னாடி சார்" என்று மொத்த வகுப்பும் சொன்னது.

கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் சொல்லவில்லை. பெயர் செல்வி, அடி அண்ணாமலையிலிருந்து வருகிறாள். "நீ என்னம்மா சொல்றே?"

"எங்க ஊர்ல மலைக்குப் பின்னாடிதான் சார் சூரியன் மொளைக்கும்."

வகுப்பு சிரித்தது. அவளும் குனிந்துகொண்டாள். அவள் ஊர் மலைக்கு அந்தப் பக்கம். அவளுக்கு மலை கிழக்கே, டவுன்காரிகளுக்கு மேற்கே. "சிரிக்காதீங்க, இந்த வகுப்பிலே குறிப்பாயம் புரிஞ்ச ஒரே ஆள் அவதான்" என்றேன். அதற்குப் பிறகு வாய்கள் திறந்தன. மலை சுற்றும்போது மலை கூடவே நடந்து வருகிறதே என்றாள் ஒருத்தி. விழுப்புரம் ரயிலில் போகும்போது மரம்தானே ஓடுகிறது என்றாள் இன்னொருத்தி. மலைக்கு எது முன்பக்கம் என்று இரண்டு பேர் சண்டையே போட்டார்கள். மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை. மல்லிகா இருந்தால் அன்று சாயந்தரமே எனக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பாள். அதை நினைத்ததும் சாக்கட்டியை வைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் வகுப்பு கஷ்டமான இடம். ஒரே நேரத்தில் நடந்தது என்று நாம் சொல்கிறோமே, அது எல்லாருக்கும் ஒரே நேரம்தானா என்பது. ஆரம்பிக்கும் முன்பே முதல் பெஞ்சில் ஷமீமா எழுந்தாள். அவள் அப்பா வளையல் கடை வைத்திருக்கிறார். எதையும் நோட்டில் கட்டம் போட்டு எழுதுகிற பெண்.

"இந்தப் பாடம் வரப்போவுதுன்னு சொன்னப்பவே டீச்சர் இதுக்கு ஒரு உதாரணம் சொன்னாங்க சார். 'எங்க அண்ணன் தனக்கு ஜுரம்னு எழுதுது. லெட்டர் வரப் பதினஞ்சு நாள் ஆவுது. நான் இங்க அழுதுட்டு இருக்கறப்ப அது அங்க பந்து வெளையாடிட்டு இருக்கும். அப்ப அண்ணனுக்கு ஜுரம் எப்ப?'ன்னு கேட்டாங்க."

எனக்குத் தெரியும். அந்த உதாரணத்தை எனக்கு எழுதியிருந்தாள். அது தப்பு என்று நான் மூன்று பக்கம் திட்டி எழுதியிருந்தேன். செய்தி தாமதமாக வருவதற்கும் சார்பியலுக்கும் சம்பந்தமில்லை. நல்ல வாத்தியார்கள்கூட இந்த இடத்தில்தான் வழுக்கி விழுவார்கள்.

"டீச்சர் சொன்னது பாதி" என்றேன். "செய்தி வர எத்தனை நாள் ஆச்சுன்னு தெரிஞ்சா, அதைக் கழிச்சுடலாம். கழிச்சா ஜுரம் என்னைக்குன்னு தெரிஞ்சுடும். அதிலே ஒரு அதிசயமும் இல்லை. கழிக்க வேண்டியதையெல்லாம் ஒழுங்காக் கழிச்ச பிறகும் ரெண்டு பேருக்கு விடை வேற வேறயா வருது பாருங்க, அதுதான் பாடம்."

பலகையில் ஒரு ரயில் வரைந்தேன். ஓடுகிற ரயிலின் முன் முனையிலும் பின் முனையிலும் மின்னல் விழுகிறது. பிளாட்பாரத்தில் நடுவில் நிற்பவனுக்கு இரண்டு வெளிச்சமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. ரயிலுக்குள் நடுவில் இருப்பவள் முன் வெளிச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள். அது அவளுக்கு முதலில் கிடைக்கிறது. இரண்டு முனையும் அவளுக்குச் சம தூரம், வெளிச்சத்தின் வேகமும் யாருக்கும் மாறாது. ஆகவே முன்னால்தான் முதலில் விழுந்தது என்று கணக்குப் போட்டே சொல்கிறாள். அவனும் சரி, அவளும் சரி.

"ரெண்டு பேரும் கரெக்டுன்னா, நெஜமா எது சார் மொதல்ல விழுந்துச்சு?" என்றாள் செல்வி.

"நிஜமான்னு ஒண்ணு தனியா இல்லை. அதான் பாடமே."

அவள் நம்பவில்லை. நானும் முதல் தடவை நம்பவில்லை. கழிப்பது எப்படி என்று பழக்குவதற்காக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, பேச்சுவாக்கில் என் தந்தியையே எடுத்துக்கொண்டேன். தந்தி போக இரண்டு நாள், நான் வர நாலு நாள் என்று பலகையில் எழுதினேன். வாத்தியார்களுக்குப் பலகையைக் கண்டால் வாய் நிற்காது, அதுதான் வினை.

ஷமீமா நோட்டில் ஏதோ போட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள். "சார், டீச்சர ஆஸ்பத்திரில சேத்த அன்னிக்கே தந்தி குடுத்தாங்க. அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன். நீங்க வந்தது பதினஞ்சாம் நாள், நடுவுல பதினாலு நாள். ரெண்டும் நாலும் ஆறு போனா, மீதி எட்டு நாள் வருது சார். அத எதுல கழிக்கிறது?"

கேட்டதில் ஒரு சூதும் இல்லை. கணக்கு இடித்தது, கேட்டாள். முப்பத்தைந்து பேரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விசா" என்றேன். "விசா கிடைக்க எட்டு நாள் ஆச்சு."

"சரிங்க சார்" என்று எழுதிக்கொண்டாள். ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டாள். சொந்த நாட்டுக்குத் திரும்பிவர எனக்கு எதற்கு விசா? அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. இருபது வருஷம் வாத்தியாராக இருந்து, வகுப்பில் தெரிந்தே தப்பான விடையை எழுதவைத்தது அன்றுதான். மீதிப் பாடத்தை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. ஏழுமலையிடம் சொல்லிவிடுவது, அவர் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். வந்தால் வீடு நிறைய ஆட்கள். சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காரியத்துக்குச் சொல்ல அடி அண்ணாமலையில் இருக்கும் பங்காளிகள் வீட்டுக்குக் கிளம்பினோம். ஏழுமலை சைக்கிள் மிதிக்க, நான் கேரியரில். ஐம்பது வயதை நெருங்குகிறவன், நைஜீரியாவில் கார் ஓட்டுகிறவன், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனேன். என் கனத்துக்கோ என்னவோ, ஊருக்குப் பாதி தூரத்தில் டியூப் வெடித்தது. சுற்றுப் பாதையில் ஈ காக்கை இல்லை. பௌர்ணமிக்கு நடந்தவர்கள் போட்டுவிட்டுப் போன வாழையிலைகள்தான் கிடந்தன. ஏழுமலை சைக்கிளைத் தள்ள, நான் பக்கத்தில் நடந்தேன்.

"மாப்ளே, ஒண்ணு சொல்லணும். டிக்கெட் அன்னைக்கே கிடைச்சுது."

"என்னிக்கு மச்சான்?"

"தந்தி வந்த அன்னைக்கே. நான்தான் கிளம்பல. அவ போயிட்டான்னு நெனச்சுட்டேன். தந்தின்னா அப்படித்தானே போடுவாங்க. காரியத்துக்கு வந்தா போதும்னு இருந்துட்டேன்."

ஏழுமலை நின்றார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். நான் எதற்கும் தயாராகத்தான் இருந்தேன். அவர் ரோட்டோர மதகில் போய் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்தார்.

"அவ சொன்னா மச்சான்."

"என்ன சொன்னா?"

"'எங்க அண்ணன் இதப் பாத்துட்டு நான் செத்துட்டேன்னு நெனச்சிக்கும். எங்க அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு. உயிரோடதான் இருக்கேன்னு இன்னொரு தந்தி குடுத்துடுங்க'ன்னா. மூணாம் நாளே சொன்னா."

எனக்கு அப்படி எந்தத் தந்தியும் வரவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமலே பேசிக்கொண்டு போனார்.

"போஸ்ட் ஆபீஸுக்குப் போனேன். தந்தி பாரம் வாங்கினேன். உங்க பேர் எழுதினேன், ஊர் எழுதினேன். 'உயிரோட இருக்கா'ன்னு எழுதக் கை வரல மச்சான். யாராச்சும் அப்படித் தந்தி குடுத்துக் கேள்விப்பட்டிருக்கீங்களா? எழுதின வேளை, அன்னிக்கே ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா? பாரத்தக் கிழிச்சுப் போட்டுட்டு வந்துட்டேன். அவகிட்ட குடுத்துட்டேன்னு சொல்லிட்டேன்."

அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. பிடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? எழுதியிருந்ததை நம்பாதவன் நான், எழுதப் பயந்தவர் அவர். அப்புறம்தான் எனக்கு முழுசாக உறைத்தது. அவள் உயிரோடு இருப்பது எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டு அவள் அந்தக் கட்டிலில் படுத்திருந்திருக்கிறாள்.

"தெனமும் கணக்குப் போடுவா" என்றார் ஏழுமலை. "தந்தி போவ ரெண்டு நாள், அண்ணன் வர நாலு நாள், ஒம்பதாம் நாள் வந்துடும்னா. ஒம்பதாம் நாள் காலையில தலை வாரிவிடச் சொன்னா. வாரிவிட்டேன். பத்தாம் நாளும் வாரிவிடச் சொன்னா. அப்புறம் கேக்கல."

வயலில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் அழுதார். நானும் மதகில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

அவர் தயங்கினார். வேண்டாம் மச்சான் என்றார். சொல்லுங்க என்றேன்.

"'தெரிஞ்சும் வரல, பாத்தீங்களா'ன்னா."

"கோவமா சொன்னாளா?"

"இல்ல மச்சான்" என்றார். "சாதாரணமாத்தான் சொன்னா."